அணைக்கட்டும் அறக்கடமையும்

ஒரு பொருளைப் பேணும் கடமை அதனாற் பெறும் பயனிலிருந்து தோன்றுகின்றதா, அன்றி அதனாற் பிறர்க்கு நேரக்கூடிய தீங்கிலிருந்து தோன்றுகின்றதா? பயனைத் துய்ப்பவனே காவலுக்கும் உரியவன் என்பது பொதுவழக்கு. ஆயின் பயன் குறைந்தவிடத்துக் கடமையும் குறையுமா? ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் அழிவு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

ஜோர்ஜியா மாநிலத்தின் டொக்கோவா நகருக்கு அண்மையில், உயர்ந்த அருவியொன்றின் மேற்புறத்தே கெலி பார்ண்ஸ் அணை அமைந்திருந்தது. பழைய கல்லணையொன்றின் மேல் பிற்காலத்தில் எழுப்பப்பட்ட மண்ணணை அது. அருவியின் கீழிருந்த கிறிஸ்தவக் கல்லூரி அந்நீரைக் கொண்டு மின்னுற்பத்தி செய்தது. 1957 இல் மின்னுற்பத்தி நின்றது. அதன்பின் ஏறத்தாழ 40 ஏக்கர்ப் பரப்புடைய அக்குளம் பொழுதுபோக்கிற்கே பயன்பட்டது. தொழிலுக்குரிய அணையைத் தொழிலே கண்காணிக்கச் செய்யும். ஓய்வுக்குரிய குளத்திலோ மனிதர் கரையைக் காண்பதில்லை, நீரின் அழகையே காண்பர். பயன் குறைந்தது, நீரின் கனம் குறையவில்லை.

1977 நவம்பர் 6 ஆம் திகதி, கடும் மழையைத் தொடர்ந்து, அதிகாலை 1.30 மணியளவில் அணை உடைந்தது. கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தோர் மீது வெள்ளம் பாய்ந்தது. சிறுவர் உட்பட 39 பேர் மாண்டனர்.

இங்கு தன்னலத்தைக் குற்றஞ்சாட்டுதல் எளிதன்று. அணையை வைத்திருந்த சமூகமே அதன் கீழும் வாழ்ந்தது. எனவே அவர்கள் அறியாதிருந்தனர் என்பதே அவர்கள் சார்பிற் கூறத்தக்க வலிய நியாயமாகும். ஆயின் அறியாமை இருவகைப்படும். எவராலும் அறியவியலாதது ஒன்று. அறியவேண்டியவர் இவர் என எவரும் நியமிக்கப்படாமையால் அறியப்படாதது மற்றொன்று. கவனமின்மையால் விளைந்த அறியாமைக்கு மனிதன் பொறுப்பாளி என அரிஸ்டோட்டில் கொண்டதும் ஈண்டு நோக்கற்பாலது. அணையின் வெளிச்சரிவில் மண் சரிந்திருந்தமையை 1973 ஆம் ஆண்டுப் படங்கள் காட்டின. உடைவுக்கான காரணம் இஃதொன்றே எனப் பின்னர் ஆராய்ந்த குழுவினராற் கூறமுடியவில்லை. ஆயினும் காரணத்தின் ஐயப்பாடு கடமையை ஐயத்திற்குரியதாக்காது. உடைவை முன்னறிதல் அரிதாகலாம். சரிவைச் சென்று பார்த்தல் அரிதன்று.

அரசின் பங்கும் இத்தகையதே. அணைகளைப் பரிசோதிக்கும் அதிகாரத்தைக் கூட்டாட்சிச் சட்டம் 1972 இலேயே வழங்கியிருந்தது. எனினும் தனியாருக்குரிய ஆபத்தான அணைகளைப் பரவலாகப் பரிசோதிக்கும் பணி, இவ்வழிவின்பின் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் பணித்த பின்னரே தொடங்கியது. ஜோர்ஜியா தன் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை 1978 இல் இயற்றியது. சட்டம் இறந்தோருக்குப் பின்னே வரலாம். அறமும் அவ்வாறு பிந்தி வருமாயின் அதற்கு அறமெனும் பெயர் பொருந்தாது.

ஆகவே கடமையின் ஊற்று பயனன்று. தீங்கு செய்யவல்ல ஒன்றைத் தன் கையில் வைத்திருத்தலே அதன் ஊற்று. அத்தகையதை வைத்திருப்போர்க்கு மூன்று வழிகளே உண்டு: பேணுதல், பேணவல்லாரிடம் ஒப்படைத்தல், நீரை வடித்து அணையை அகற்றுதல். வாளாவிருத்தல் நான்காவது வழியன்று. அணைக்குக் கீழே உறங்குவோர் குளத்தின் பயனைத் துய்த்தாலும் துய்க்காவிடினும், மேலே உள்ள கரையை எவரோ பார்த்துக்கொள்கின்றனர் என்ற நம்பிக்கையிலேயே உறங்குகின்றனர். அந்த ‘எவரோ’ யார் என்பதைப் பெயர் சுட்டி முடிவு செய்தலே சமூகத்தின் முதற் கடமையாகும்.