மன:பிரஸாதமும் கூரத்தாழ்வானும்

ஸ்ரீ:

திருவிழாக் காலத்தில் திருக்கோயிலுக்கு வரும் ஆஸ்திக அன்பர்களை, "எம்பெருமானிடம் என்ன பிரார்த்தித்தீர்கள்?" என்று வினவினால், பெண்ணுக்குக் கல்யாணம், பிள்ளைக்கு உத்தியோகம், தேக ஆரோக்கியம் என்று பலவும் சொல்லி, "எல்லாவற்றிற்கும் மேலாக மன நிம்மதி வேண்டும்" என்று முடிப்பது வழக்கம். கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த நிம்மதி, முன்சொன்ன கல்யாணமும் உத்தியோகமும் கைகூடிய பிறகு தானாக வந்து சேரும் என்று எண்ணியிருப்பதில்தான் சிறிது விசாரம் செய்ய வேண்டியிருக்கிறது.

தீர்த்தமும் சடாரியும் ஆனபின் கையில் பெற்றுக்கொள்ளும் துளஸிக்கும் புளியோதரைக்கும் பிரஸாதம் என்று பெயர். ஸம்ஸ்கிருதத்தில் இந்தச் சொல்லுக்குத் தெளிவு என்று பொருள். கலங்கிய நீர் அடங்கி, அடியிலுள்ள மணல் தெரியும்படி நிற்கும் நிலை எதுவோ அது பிரஸாதம். திருவுள்ளம் உகந்து அருளுவதற்கும் அதுவே பெயராயிற்று. அவன் அமுது செய்த பொருளுக்கும் அதுவே பெயராயிற்று. ஸ்ரீமத் பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் கண்ணன் எம்பெருமான் சரீரத்தால் செய்யும் தவம், வாக்கால் செய்யும் தவம், மனத்தால் செய்யும் தவம் என்று மூன்றாக வகுத்து, மனத்தின் தவங்களில் முதலாவதாக மன:பிரஸாதத்தை வைத்தான். தவத்தினால் கிடைக்கும் பலனாக அதைச் சொல்லவில்லை. அதையே தவமாகச் சொன்னான் என்பது கவனிக்கத்தக்கது. ஏகாதசி உபவாஸத்தைப் போல, இது ஒருவன் முயன்று செய்ய வேண்டிய காரியம். உபவாஸம் இருப்பவர்கள் பலர். இந்தத் தவத்தை நினைப்பவர்கள் சிலரே.

பாஷ்யகாரரான ஸ்ரீ ராமாநுஜர் இவ்விடத்திற்கு அருளிச்செய்த பொருள் மிகச் சுருக்கமானது. கோபம் முதலியவை இல்லாத மனநிலையே மன:பிரஸாதம் என்றார். அதற்கு அடுத்ததாக வரும் ஸௌம்யத்வம் என்ற சொல்லுக்கு, பிறருடைய நன்மையின் பக்கமாகவே மனம் சாய்ந்திருத்தல் என்று பொருள் உரைத்தார். தன் மனம் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று கேட்க வந்தவனை, அடுத்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்படி திருப்பி விடுகிறது இவ்வுரை. கருட ஸேவையன்று முன் நிற்பவரை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு சென்று, "பெருமாளே, சாந்தியைக் கொடு" என்று கைகூப்புகிறவர்கள் இதனை ஒரு நொடி நினைத்துப் பார்த்தால் கூட்டமும் சிறிது குறையும்.

இவ்விரண்டு சொற்களுக்கும் வாழ்க்கையே வியாக்கியானமாக நின்றவர், அந்தப் பாஷ்யகாரரின் திருவடிகளை ஆச்ரயித்த கூரத்தாழ்வான். காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள கூரம் என்னும் கிராமத்தில், 1010ஆம் ஆண்டு தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் அவதரித்தவர் என்பது ஸம்பிரதாயம். திருமறுமார்பன் என்பது அவருடைய திருநாமம். ஸ்ரீவத்ஸாங்கர் என்றும் வழங்குவர். பெருஞ்செல்வர். அவருடைய அன்னதானம் முடிந்து இரவில் திருமாளிகைக் கதவுகளைச் சாத்தும் ஓசை காஞ்சியிலுள்ள தேவப்பெருமாள் ஸந்நிதி வரையில் கேட்டதாம். அது தெரிந்தபோது மற்றவர்களாயின் பெருமிதம் கொண்டிருப்பார்கள். ஆழ்வானோ தம் செல்வம் இவ்வளவு சப்தம் செய்கிறதே என்று கூசி, அனைத்தையும் துறந்து, தேவிமார் ஆண்டாளுடன் திருவரங்கத்திற்குப் புறப்பட்டார்.

வழியில் ஒரு காடு. "இங்கே பயமுண்டோ?" என்று ஆண்டாள் கேட்டாள். "மடியில் கனமிருந்தால் அன்றோ வழியில் பயம், ஏதேனும் கொண்டு வந்தாயோ?" என்றார் ஆழ்வான். அவர் அமுது செய்வதற்காக ஒரே ஒரு பொன் வட்டிலை அவள் எடுத்து வந்திருந்தாள். அதை வாங்கி வீசி எறிந்துவிட்டு, "இனிப் பயமில்லை, வா" என்று நடந்தார். இந்த வரலாற்றைச் சொல்லும்போது பலரும் ஆழ்வானின் வைராக்யத்தையே புகழ்வார்கள். ஆண்டாளின் பெருமை அதற்குக் குறைந்ததன்று. பர்த்தாவின் பொருட்டே கொண்டு வந்தது கண்ணெதிரில் போகிறது. மறுசொல் இல்லாமல் பின்தொடர்ந்தாள்.

திருவரங்கத்தில் உஞ்சவிருத்தியில் ஜீவனம் நடந்தது. ஒரு நாள் ஓயாத மழையால் ஆழ்வான் வெளியே செல்ல இயலவில்லை, இருவரும் பட்டினி. இரவில் பெரிய பெருமாளுக்குத் தளிகை ஸமர்ப்பிக்கும் மணியோசை காதில் விழுந்தது. "உன் அடியார் பசித்திருக்க நீ அமுது செய்கிறாயோ" என்று ஆண்டாள் உள்ளத்துக்குள் நினைத்தாள், அவ்வளவே. சற்று நேரத்தில் கோயில் மரியாதைகளுடன் பிரஸாதம் திருமாளிகை வாசலுக்கு வந்துவிட்டது. ஆழ்வான் மகிழவில்லை. "நீ ஏதேனும் நினைத்தாயோ?" என்று கேட்டு, உண்மையை அறிந்து, இதற்காகவா எம்பெருமானைச் சிரமப்படுத்துவது என்று வருந்தினார். ஆயினும் வந்த பிரஸாதத்தை மறுக்கலாகாது என்று சிறிதளவே ஸ்வீகரித்தார். அந்தப் பிரஸாதத்தின் மகிமையால் அவதரித்தவர்களே பராசர பட்டரும் அவருடைய இளையவரும் என்பர் பெரியோர்.

இவையெல்லாம் ஆழ்வான் தாமாக விரும்பி ஏற்ற வறுமை. விரும்பாமல் வந்த துன்பத்தில் அவர் எவ்வாறு இருந்தார் என்று பார்த்தால்தான் மன:பிரஸாதத்தின் ஆழம் தெரியும். அக்காலத்துச் சோழ மன்னன் சமயக் காழ்ப்பினால் ஸ்ரீ ராமாநுஜரைத் தன் சபைக்கு வரவழைக்க ஆள் அனுப்பினான். அவனைத் தூண்டியவன் நாலூரான். முன்பு ஆழ்வானிடமே பாடம் கேட்டவன் என்பர். ஆசார்யனுக்கு ஆபத்து என்று உணர்ந்த ஆழ்வான், அவருடைய காஷாய வஸ்திரத்தைத் தாம் தரித்துக்கொண்டு, பெரிய நம்பியுடன் சபைக்குச் சென்றார். உடையவர் மேல்நாட்டிற்கு எழுந்தருளினார். மன்னன் விரும்பிய வண்ணம் ஓலையில் கையெழுத்திட மறுத்ததனால் ஆழ்வானும் நம்பியும் கண்களை இழந்தனர். முதியவரான நம்பி திரும்பும் வழியிலேயே பரமபதித்தார்.

கண்ணிழந்து திருவரங்கம் வந்த ஆழ்வான் பெரிய பெருமாளை ஸேவிக்கச் சென்றார். ராமாநுஜ ஸம்பந்தம் உள்ள எவரையும் உள்ளே விடலாகாது என்று அரச ஆணை இருந்தது. வாசல் காப்போரோ, "இவர் எல்லோருக்கும் நல்லவர், இவரைத் தடுக்க வேண்டாம்" என்றனர். ஆழ்வான் ஓரடி பின்வாங்கினார். நல்லவன் என்ற குணம், ஆசார்ய ஸம்பந்தம் இல்லாதவன் என்று தன்னை ஆக்குமாயின் அந்தக் குணமே வேண்டாம் என்று சொல்லி, ஸேவிக்காமல் திரும்பிவிட்டார். சாந்தம் என்றால் எதற்கும் இணங்கிப் போவது என்று நினைப்பவர்கள் இவ்விடத்தைப் படிக்க வேண்டும். காப்போர் மீதும் அவருக்குக் கோபமில்லை. தம் நிலையிலும் தளர்வில்லை. பிறகு திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி, அழகர் திருவடியில் ஸுந்தரபாஹு ஸ்தவத்தை அருளிச்செய்தார். கண்ணில்லாதவர் பாடியது திருமேனி அழகை!

மன்னன் மறைந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் உடையவர் திரும்பினார். தம் பொருட்டு ஆழ்வான் கண்களை இழந்தாரே என்று கலங்கினார். ஆழ்வானோ, "யாரேனும் ஒரு ஸ்ரீவைஷ்ணவருடைய திருமண்காப்பு கோணலாக இருக்கிறதென்று ஒருகால் நினைத்திருப்பேன், அதன் பலன்" என்றாராம். குற்றத்தைத் தேடுகிறவன் வெளியே தேடினால் கோபம் வளரும். அவர் தேடிய இடம் வேறு.

உடையவர் மனம் ஆறவில்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுக்கும் காஞ்சி வரதனைத் துதித்துக் கண்களைப் பெறும்படி நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பம் செய்தார். "என்ன வேண்டும்?" என்று வரதன் கேட்டான். "நான் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும்" என்றார் ஆழ்வான். "அப்படியே ஆகுக" என்று வரதன் அருளிவிட்டான்.

கண்ணைக் கேட்கச் சொன்னால் கண்ணைக் கெடுத்தவனுக்கு மோக்ஷத்தைக் கேட்டாரே என்று உடையவர் வருந்தினார். ஆழ்வானுக்கு அதில் வருத்தமே தோன்றவில்லை. நாலூரானை மன்னித்தேன் என்றுகூட அவர் சொன்னதாகக் குருபரம்பரையில் இல்லை. மன்னிப்பதற்கு முதலில் கோபம் இருந்திருக்க வேண்டுமல்லவா? பிற்பாடு வரதனையும் உடையவரையும் மட்டும் காணும்படி அவருக்கு எம்பெருமான் பார்வை தந்தருளினான் என்றும் சொல்லுவர்.

ஆழ்வான் உடையவருக்கு முன்பே பரமபதம் சென்றார். "எமக்கு முன்னே செல்வதேன்?" என்று ஆசார்யன் கண்ணீர் பெருக்கியபோது, அங்கே எழுந்தருளும் ஆசார்யனை எதிர்கொண்டு வரவேற்க அடியேன் முன்னே இருக்க வேண்டும் என்று விடைபெற்றார். கூரத்தில் ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயிலில் ஆழ்வானுக்குத் தனி ஸந்நிதி உண்டு. காஞ்சி யாத்திரை செல்லும் அன்பர்கள், தேவப்பெருமாளை ஸேவித்த பின் அரைநாள் ஒதுக்கி அங்கும் சென்று வரலாம். தை ஹஸ்தத்தன்று சென்றால் இன்னும் விசேஷம்.