வரவு செலவுக்கு அப்பால்

சீடன்: பொருள் தேடுவதிலேயே வாழ்நாளைக் கழிப்பது வீண் என்று பெரியோர் சொல்கிறார்கள். பொருள் இல்லாதவனுக்கு இவ்வுலக வாழ்வு இல்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள். எதைக் கொள்வது, ஐயா?

குரு: இரண்டையும் கொள்ளலாம். வள்ளுவர் அப்படித்தான் வகுத்திருக்கிறார். 1330 குறட்பாக்களில் 700 பொருட்பாலில் உள்ளன. அரசும் அமைச்சும் நட்பும் குடியும் அதில் அடக்கம். செல்வத்தைப் பற்றிய அதிகாரங்களும் அங்கேதான் இருக்கின்றன. ‘பொருள் செயல்வகை’ அதிகாரம் பொருளை ஈட்டச் சொல்கிறது. ‘நன்றியில் செல்வம்’ அதிகாரம், ஈட்டியவனுக்கும் பிறருக்கும் உதவாமல் கிடக்கும் செல்வத்தைக் கண்டிக்கிறது. ஈட்டுவதும் பயன்படுத்துவதும் ஒரே கடமையின் இரண்டு பாதிகள். முதல் பாதியோடு நின்றுவிடுவதுதான் குறை.

சீடன்: ஈட்டுவதற்கு எல்லை எது?

குரு: அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலின் முதற்பகுதியில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறார். இல்லத்தை நடத்தப் பொருள் சேர்ப்பது ஒன்று, பணத்துக்காகவே பணம் சேர்ப்பது வேறொன்று என்று பிரிக்கிறார். இல்லத்தின் தேவைக்கு அளவு உண்டு. ஆகவே முதல் வகைக்கும் அளவு உண்டு. இரண்டாவதற்கு அளவே கிடையாது. உண்ணும் சோற்றுக்கு வயிறு எல்லை சொல்லும். வங்கிக் கணக்கில் ஏறும் தொகைக்கு எல்லை சொல்ல உடம்பில் எந்த உறுப்பும் இல்லை. அதனால் அடுத்தவருடைய வருமானம் அளவுகோலாகிறது. அந்த அளவுகோல் ஓர் இடத்தில் நிற்பதில்லை.

சீடன்: அப்படியானால் ஆசையை விட்டால் நிறைவு வந்துவிடுமா?

குரு: அமைதி வரலாம். நிறைவுக்கு அது போதாது. பணத்தைத் துரத்துவதை விட்டவனுக்குக் காலையில் எழுந்ததும் கைக்கு ஒரு வேலை வேண்டும். தன் திறமை முழுவதையும் கேட்கும் வேலை, தன்னைத் தாண்டி வேறொருவருக்குப் போய்ச் சேரும் வேலை. இதை விளங்கிக்கொள்ள ஜே.சி. குமரப்பாவின் வாழ்க்கை நல்ல சான்று.

சீடன்: காந்தியப் பொருளியலாளர் குமரப்பாவா?

குரு: அவர்தான். பணத்தை எண்ணுவதே தொழிலாக இருந்தவர் என்பதால் அவருடைய சான்றுக்குத் தனி எடை உண்டு. 1892இல் தஞ்சாவூரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் கொர்னேலியஸ். லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். நடையும் உடையும் ஆங்கிலேயரைப் போல, வருமானத்துக்குக் குறைவில்லை. 1927இல் அமெரிக்கா சென்று சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், பிறகு கொலம்பியாவில் பொதுநிதியும் படித்தார். அங்கே பேராசிரியர் எட்வின் செலிக்மனிடம் ஆய்வு செய்தபோது எடுத்துக்கொண்ட கேள்வி அவர் வாழ்வையே மாற்றியது. இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது? அரசு வசூலிக்கும் வரி எங்கே போகிறது?

சீடன்: அது ஆய்வுக் கேள்விதானே? அதில் வாழ்வை மாற்ற என்ன இருக்கிறது?

குரு: தணிக்கையாளர் ஒரு நிறுவனத்தின் பேரேட்டைப் பார்த்து, பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று கேட்பார். குமரப்பா அதே கேள்வியை ஒரு நாட்டின் பேரேட்டைப் பார்த்துக் கேட்டார். விடையாகக் கிடைத்தது உழவரின் வறுமை. அதன் பின் பம்பாய்க் கணக்குப் புத்தகங்கள் அவருக்குப் போதவில்லை. 1929இல் நாடு திரும்பி, தம் ஆய்வை வெளியிட வழி தேடிச் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அந்த ஆய்வைத் தம் ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளியிட்டார். கூடவே ஒரு வேலையையும் கொடுத்தார்: குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் தாலுகாவின் ஊர்களுக்குப் போய், மக்களின் வரவு செலவை நேரில் கணக்கெடுக்க வேண்டும். மேலைநாட்டு உடை போய்க் கதர் வந்தது. பாட்டனாரின் பெயரான குமரப்பா அவர் பெயராயிற்று.

சீடன்: ஆக, தொழிலைத் துறந்துவிட்டார்.

குரு: அங்கேதான் கவனம் வேண்டும். அவர் துறந்தது வருமானத்தை. தொழில் கடைசிவரை கூடவே இருந்தது. மாதர் தாலுகாவில் அவர் செய்தது கணக்கெடுப்புதான். 1934இல் பீகார் நிலநடுக்க நிவாரண நிதியின் கணக்கைப் பார்த்தபோதும் தணிக்கையாளராகவே இருந்தார். காந்தியோடு வந்தவர்களின் செலவைக்கூட நிவாரணப் பணத்திலிருந்து தர மறுத்தார். அது துயருற்ற மக்களின் பணம் என்பதே காரணம். பம்பாயில் கற்ற கண்டிப்புக்கு அங்கே ஒரு பயன் கிடைத்தது. திறமை பழையது, அது யாருக்காக என்பது மட்டும் மாறியது. வாழ்வின் நோக்கத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள். கற்றதையெல்லாம் விட்டுவிட்டு எங்கோ போக வேண்டும் என்று எண்ணுகிறார்கள்.

சீடன்: யாருக்காக என்பதை அளந்தறிய வழி உண்டா?

குரு: குமரப்பா ஒரு வழி காட்டியிருக்கிறார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது ‘எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்’ என்ற நூலை எழுதினார். 1940களில் அது வெளிவந்தது. உயிர்கள் பிழைக்கும் விதங்களை அதில் ஐந்து படிகளாக அடுக்குகிறார். கீழ்ப்படியில் இருப்பது, தான் வாழ மற்றதை அழிக்கும் உயிர். அடுத்தது, மாந்தோப்பில் புகுந்த குரங்கைப் போல எதையும் தராமல் எடுத்துக்கொள்வது. மூன்றாவது, எடுப்பதற்கு ஈடாக ஏதேனும் தருவது; தேனெடுக்கும் தேனீ பூக்களுக்கு மகரந்தச் சேர்க்கையைச் செய்துவிட்டுப் போகிறது. நான்காவது, கூட்டத்தின் நலனுக்கு உழைப்பது. தேன் ஒரு தேனீக்கு உரியதாக இல்லாமல் கூடு முழுவதற்கும் சேர்கிறது. உச்சியில் இருப்பது, கைம்மாறு எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. ஒரே மனிதனின் வாழ்விலேயே இந்த ஐந்தும் கலந்திருக்கும். வீட்டில் ஐந்தாம் படியில் நிற்பவர் கடையில் இரண்டாம் படிக்கு இறங்கிவிடுவதைப் பார்க்கிறோம். தன் நாளில் எந்த மணி எந்தப் படியில் கழிகிறது என்று எவரும் கணக்குப் பார்க்கலாம்.

சீடன்: ஒரு தடை இருக்கிறது, ஐயா. குமரப்பா லண்டனிலும் நியூயார்க்கிலும் படித்தவர். மணம் செய்துகொள்ளாதவர். வருமானத்தை விட்டாலும் அவரைப் பசி தீண்டாது. கந்துவட்டிக்குக் கடன் வாங்கிப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறவரிடம் போய்ப் பணத்துக்கு அப்பால் பார் என்று சொல்வது கொடுமை இல்லையா?

குரு: கொடுமைதான். இந்தத் தடையை எளிதாகத் தள்ளக் கூடாது. கடனில் இருப்பவருக்குப் பணம் தேடுவதே அறம். பிள்ளைக்காக அவர் உழைக்கும் உழைப்பு அந்த ஐந்தாம் படியைச் சேர்ந்தது. வறுமையை உயர்வென்று குமரப்பா ஒருபோதும் சொன்னதில்லை. 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை அவர் வார்தாவின் மகன்வாடியில் இருந்து நடத்தினார். செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு என்று அங்கே நடந்த வேலையெல்லாம் ஊரிலேயே கூலி கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். அடுத்தவரின் பையில் நான்கு காசு சேர வேண்டும் என்று இரவும் பகலும் உழைத்தவர் அவர். பணத்துக்கு அப்பால் பார் என்ற சொல் யாருக்கு உரியது என்றால், தேவைக்கோட்டைத் தாண்டிய பிறகும் ஓடுகிறவருக்கு. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று அவரவர் நேர்மையோடு பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் அதை எப்போதோ தாண்டியிருப்பார்கள். ஒப்புக்கொள்ளத்தான் மனம் வராது.

சீடன்: குமரப்பா நினைத்தது நடந்ததா?

குரு: பெரும்பகுதி நடக்கவில்லை. விடுதலைக்குப் பின் நாடு பெரிய அணைகளையும் பெரிய ஆலைகளையும் நோக்கிச் சென்றது. கிராமத் தொழில் ஓரத்துக்குப் போனது. அவர் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஆட்சியில் இருந்த பழைய தோழர்களிடமிருந்து விலகினார். கடைசி ஆண்டுகளை மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30இல், காந்தி மறைந்த அதே நாளில், மறைந்தார்.

சீடன்: தோற்றவரை நிறைவுக்குச் சான்றாகக் காட்டலாமா?

குரு: தோற்றவரைத்தான் காட்ட வேண்டும். வென்றவர் மகிழ்ந்திருந்தால் அது வெற்றியால் வந்ததா, வேலையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. குமரப்பாவுக்குப் பணமும் இல்லை, பதவியும் இல்லை, கொள்கை நிறைவேறிய மகிழ்ச்சியும் இல்லை. ஆனாலும் உடல்நலம் குன்றிய நிலையில் கல்லுப்பட்டியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். பம்பாய்க்குத் திரும்பிப் போகவில்லை. அவருக்குக் கோபம் இருந்தது, ஏமாற்றமும் இருந்தது. நிறைவென்பது எப்போதும் புன்னகையோடு இருப்பது என்று எண்ணுகிறவர்களுக்கு இது புரியாது. செய்யத் தக்கதைச் செய்கிறோம் என்ற உறுதி கோபத்தோடும் சேர்ந்து இருக்கும்.

சீடன்: வீடு, வேலை, மாதச் சம்பளம் என்று இருப்பவர் எங்கே தொடங்குவது?

குரு: கையில் இருக்கும் தொழிலில். மருந்துக் கடைக்காரருக்கு மருந்து தெரியும், கணக்கருக்கு வரிச் சட்டம் தெரியும், கொத்தனாருக்குச் சுவர் தெரியும். அந்த அறிவு தேவைப்பட்டும் காசு தர முடியாதவர் எந்த ஊரிலும் இருப்பார். ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் தாலுகா அலுவலக வாசலில் ஒரு மூதாட்டி நின்றால், கணக்கருக்கு அங்கே அரை மணி நேர வேலை இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலையை அப்படி ஒதுக்கிவிட்டுச் சில மாதம் கழித்து வா. மற்ற ஆறு மாலைகளைப் பற்றி அப்போது பேசலாம்.