கழற்ற முடியாத உறை

எங்கள் கடலோர ஊரான எக்கியார்குப்பத்தில் ஒரு கிராம் எடையுள்ள மாதிரி விமானத்தை வெளியே விட முடியாது. கடற்காற்று பிய்த்துப் போட்டுவிடும். அதனால் பிள்ளைகளுக்கு ஜன்னல் சாத்திய கூடத்தில்தான் கற்றுத் தருகிறேன். பால்சா குச்சி, முறுக்கேற்றிய ரப்பர், மேலே ஓர் உறை. எந்த உறை என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

பட்டத்தாள் விடிகாலை ஈரத்தில் தொய்யும், உச்சிவெயிலில் விறைத்து இறக்கையையே முறுக்கிவிடும். கடையில் தரும் பிளாஸ்டிக் பை கனம். அரை மைக்ரான் மைலார் படலம் சதுர மீட்டருக்கு முக்கால் கிராம்கூட வராது. எனக்குப் பிடித்தது பழைய முறை. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்து, அசையாத தண்ணீரில் ஒரு சொட்டு விட வேண்டும். உப்பளப் பாத்தியில் மிதக்கும் உப்பாடை போல அது படர்ந்து இறுகும். கம்பி வளையத்தை அதன்மேல் வைத்து, ஓரத்தை மடித்து, சாய்த்துத் தூக்கினால் மின்னும் நிறமே தடிமனைச் சொல்லிவிடும். இழுத்து ஒட்டக் கூடாது, சற்றுத் தளர விட வேண்டும்.

2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் இந்தப் பக்கம் பத்துப் பேருக்கு மேல் கொண்டுபோனது. துக்கம் கேட்க வந்தவர்கள் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தைச் சொன்னார்கள்: பழைய சட்டையைக் கழற்றுவது போலத்தான், ஆன்மாவுக்கு அழிவில்லை என்று. ஆறுதலுக்காகச் சொன்னதுதான். உட்கார்ந்திருந்த பெண்களின் மனதில் அது இறங்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

என் விமானத்தையே பாருங்கள். ரப்பரின் முறுக்குதான் உயிர், உறை வெறும் உடுப்பு என்று வைத்துக்கொள்வோம். உறையை உரித்துவிட்டு விமானத்தை விடுங்கள். ப்ரொப்பல்லர் சுற்றும், குச்சிக்கூடு தரையில் விழும். உறை ஒட்டிய பிறகுதான் இறக்கை என்ற ஒன்றே உண்டாகிறது. சட்டையைக் கழற்றியவன் எழுந்து நடந்து போவான். உறை போன விமானம் அப்படியில்லை.

ஆன்மா இல்லை என்று நான் சொல்லவில்லை, நம்புகிறவன்தான். ஆனால் உடம்பைத் தாழ்வாக எண்ணியிருந்த திருமூலரே பின்னால் அதைப் பேணத் தொடங்கியதாகச் சொல்கிறார். வள்ளலார், இறந்தவரை எரிக்காதீர்கள், புதையுங்கள் என்று வற்புறுத்தினார். இருவரும் உடம்பை உடுப்பாக நினைத்தவர்கள் இல்லை.

வலை இழுத்துக் காய்ப்பேறிய கையோடுதான் இங்கே ஒருத்தி தன் புருஷனை அறிந்திருக்கிறாள். அந்தக் கையை நினைத்து அழுகிறவளிடம், போனது சட்டைதான் என்று சொல்ல எனக்கு வாய் வராது.