கடிக்கும் வாயும் கற்கும் மனமும்



இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதம் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அதற்கு நேரும் அதிசாரங்களை உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயலில் ஐந்தாக வகுத்தார்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். வண்டி மாட்டையும் உழவு மாட்டையும் எண்ணி இவற்றைப் படித்துச் செல்கிறோம். வாயிலில் கிடக்கும் நாயை எண்ணுவதில்லை. பகல் முழுதும் கட்டிவைக்கிறோம், குரைத்தால் அடிக்கிறோம், அழகுக்கென்று வாலையும் காதையும் நறுக்குவோரும் உளர், பட்டினி கிடந்தால் காவல் நன்று என்பாரும் உளர். மிகுசுமை மட்டும் இல்லையே எனலாம். கழுத்தில் தொங்கும் இரும்புச் சங்கிலி சுமையன்றி வேறென்ன?

நாய் வளர்த்தல் சிராவகர்க்கு ஆகுமோ என வினவும் பெரியோர் உண்டு. அது தனியே ஆராயத்தக்கது. கொட்டாரத்திலும் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டு ஊர்களிலும் தோப்புக்கும் வீட்டுக்கும் நாய்க்காவல் உண்டு. நம்மவர் இல்லங்களிலும் உண்டு. வளர்ப்பவர் அறிய வேண்டியதையே இங்குக் கூறுகிறேன்.

அடிக்கலாகாது என்பதனால் நாயை அதன் போக்கில் விட்டுவிடலாமோ? விடலாகாது. மனத்தின் கவனமின்மையால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்று அதே இயல் இலக்கணம் கூறுகிறது. அண்டை வீட்டுக் குழந்தையை நம் நாய் கடிக்குமாயின், பல் நாயினுடையது, கவனமின்மை நம்முடையது. வெறிநாய்க்கடி நோயோ, அறிகுறி தோன்றியபின் ஏறக்குறைய எவரையும் உயிரோடு விடுவதில்லை.

நாய்க்குப் பாடம் ஏறுமோ என நகைப்பவர் கோமட்டசாரத்தின் ஜீவகாண்டத்தைக் காண்க. மனத்தின் துணைகொண்டு பயிற்சியையும் அறிவுரையையும் அழைப்பையும் ஏற்கும் உயிரே சஞ்ஞி என்று நேமிசந்திர ஆசாரியர் வரையறுக்கிறார். நாய் அவ்வகையினது. சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில், அடியுண்டு உயிர்விடும் நாயின் செவியில் சீவகன் பஞ்சநமஸ்காரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிறது. இறக்கும் நாயும் கேட்டுணரும் எனின், ஓடியாடும் குட்டிக்கு என்ன குறை?

ஆசிரியப் பயிற்சியில் தார்ண்டைக்கின் விளைவு விதியை நாங்கள் கற்றோம். 1898-ல் பூனைகளைக் கூண்டிலிட்டு ஆய்ந்தவர் அவர். நற்பயன் தரும் செயல் வலுப்பெறும், துன்பம் தரும் செயல் தேயும் என்பது அவர் முதலிற் கொண்ட கருத்து. 1930-களில் அவரே அதைத் திருத்தினார்: பரிசு கற்றலை உறுதிப்படுத்தும் அளவிற்குத் தண்டனை அதை அழிப்பதில்லை. பிரம்பை நம்பிய ஆசிரியர் பலர் முன்பாதியைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டனர் போலும்.

குட்டி எட்டு வாரமேனும் தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருத்தல் வேண்டும். விளையாட்டில் மிகையாகக் கடித்தால் மற்றது வீறிட்டு விலகும்; விளையாட்டு நின்றுபோகும். பல்லின் அளவை அது கற்கும் முதற் பள்ளி அதுவே. வீட்டிற்கு வந்தபின் நாமும் அம்முறையையே கைக்கொள்க. கையைக் கடித்தால் கத்தாமல், உதறாமல், விளையாட்டை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொள்க. சிறிது நேரம் சென்றபின் கடிக்கத்தக்க கயிற்றையோ துணிமுடிச்சையோ கொடுத்து, அதைக் கடித்தால் பாராட்டுக. பாற்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் நான்கு முதல் ஆறு மாதம் வரை ஈறு தினவெடுக்கும். அக்காலத்தில் பொறுமை மிக வேண்டும். வீட்டார் அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றுக. தந்தை தடுப்பதைப் பிள்ளைகள் சிரித்து வரவேற்றால் குட்டி எதைக் கற்கும்?

உறுமும் நாயை அடித்து அடக்குவோர் பெருந்தவறு செய்கின்றனர். உறுமல் அதன் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அச்சம் நீங்காது; எச்சரிக்கை மட்டும் நீங்கும். அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும். எதற்கு அஞ்சுகிறது என்று கண்டு அதை விலக்குக. உண்ணும்போது தட்டைப் பறியாமல், அருகிற் சென்று இன்னும் ஒரு கவளம் இடுக. மனிதர் வருவது இழப்பன்று என்பதை அது அறியும். நோன்பு நாளில் நாம் உண்ணாதிருத்தல் நம் விரதம். நாய்க்கு அன்றும் வேளைக்குச் சோறு உண்டு. (வெங்காயம் மட்டும் வேண்டா. நம்மில் பலர் விலக்கும் அது நாயின் குருதிக்கும் கேடு.)

இடைவிடாத கட்டு நாயைச் சினமுடையதாக்கும். மிகக் குறுகிய அல்லது மிகக் கனத்த சங்கிலியால் நியாயமற்ற நேரம் கட்டிவைத்தல் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமே. விருந்தினர் வருகையில் சிறுபொழுது கட்டுவது வேறு. நாள்தோறும் நடக்க அழைத்துச் செல்க. தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது இடுக. சிறு குழந்தையை நாயோடு தனியே விடாதீர்.

இவ்வளவும் செய்தும் பல் பட்டுவிடின், அக்கணமே ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவுக. சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் தடவலாகாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் குறிக்கும் எல்லா நாள்களிலும் ஊசி இட்டுக்கொள்க. நாயை அன்று அடிக்க வேண்டா. எதனால் கடித்தது என்று மறுநாள் அமர்ந்து எண்ணிப் பார்க்க.