யாருடைய நோன்பு?

'காத்தல்' என்னும் சொல்லை நாம் மிக எளிதாக வழங்கி வருகிறோம். பெற்றோர் பிள்ளைகளைக் காக்கின்றனர். அரசு குடிகளைக் காக்கிறது. சட்டம் காட்டையும் கடலையும் காக்கிறது. பொன்னைப் பெட்டியில் இட்டுப் பூட்டுவதையும் நாம் காத்தல் என்றே சொல்கிறோம். இவை யாவும் ஒரே செயல்தாமா? காக்கும்போது காப்பவர் எதை இழக்கிறார், காக்கப்படுவது எதைப் பெறுகிறது என்று வினவத் தொடங்கினால், ஒன்றுக்கொன்று ஒவ்வாத செயல்கள் பல இந்த ஒரு சொல்லின் நிழலில் ஒதுங்கி நிற்பது புலப்படும். அறநூல்களைப் புரட்டி விடை தேடலாம். கடலைப் பார்த்தும் தேடலாம். நாம் இங்கே கடலைப் பார்க்க விழைகிறோம்.

வாயே தொட்டிலாகும்போது

கடல் மீன்களுள் பெரும்பாலானவை முட்டைகளை நீரில் விட்டுவிட்டு நீங்கிவிடுகின்றன. ஆயிரக்கணக்கில் இட்டவற்றுள் தப்பிப் பிழைப்பவை ஒரு சிலவே. ஒரு சில இனங்கள் மட்டும் வேறு வழியைத் தேர்ந்தன. அவை முட்டைகளைத் தம் வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கின்றன. நம் குளங்களில் பெருகிக் கிடக்கும் ஜிலேபி மீனை அறியாதார் இலர். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மீனில் தாய் இப்பணியைச் செய்கிறது. கடலில் இது பெரும்பாலும் தந்தையின் பணி. நம் மீனவர் வலைகளில் விழும் கடல் கெளுத்தியின் ஆண், கோலிக்குண்டு அளவிலான பெரிய முட்டைகளை வாயில் ஏந்திப் பல வாரங்கள் திரிகிறது. அந்நாள்களில் அது இரை தேடுவதில்லை. உடல் மெலிகிறது, வயிறு ஒட்டிப்போகிறது. வாயோ பிள்ளைகளால் நிறைந்திருக்கிறது.

இதில் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது ஒன்று உண்டு. வாய் என்பது விழுங்குவதற்கென அமைந்த உறுப்பு. மீனுக்கு அதைவிடக் கொடிய படைக்கலம் வேறில்லை. அதே உறுப்பே இங்குத் தொட்டில் ஆகிறது. விழுங்கும் ஆற்றல் போய்விடவில்லை; பசியும் போய்விடவில்லை. ஆற்றலும் பசியும் இருந்தும் விழுங்காமல் இருப்பதே அங்குக் காவல் எனப்படுகிறது. மீன் அறம் அறிந்து நோன்பு நோற்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. அது இயற்கையின் ஏவலால் நடப்பது. ஆயினும் அறம் அறிந்த மனிதர் தம் செயலை ஒப்பிட்டுப் பார்க்க அது நல்லதோர் அளவுகோல் ஆகிறது.

அவ்வளவுகோலில் மூன்று கோடுகளைக் காண்கிறோம். காப்பது தன் பசியைத் தானே பொறுக்கிறது. தனக்குள் இருப்பதைத் தனது இரையாகக் கொள்வதில்லை. காலம் வந்ததும் வாயைத் திறந்து போகவிடுகிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது காவல் ஆகாது.

கண்ணாடித் தொட்டியின் பாடம்

இவ்வகை மீன்களை வீட்டுத் தொட்டியில் இனம்பெருக்க முயல்வோர் இன்று உலகெங்கும் உளர். அவர்கள் பெரிதும் விரும்புவது இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக்குக் கிழக்கே பாங்காய் தீவுகளில் வாழும் ஒரு சிறு மீன். கர்தினால் மீன் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளி உடலில் கரும்பட்டைகளும் வெண்புள்ளிகளும் கொண்டு, ஏறத்தாழ 8 செ.மீ. மட்டுமே வளர்வது. நீண்ட முட்களை உடைய கடல் முள்ளெலியின் இடையே அது அடைக்கலம் புகுந்து வாழ்கிறது. பெண் இடும் சில பத்து முட்டைகளை ஆண் வாயில் வாங்கிக்கொள்கிறது. பொரிவதற்கு ஏறத்தாழ 20 நாள். பொரிந்த பின்னரும் குஞ்சுகள் தந்தையின் வாயிலேயே மேலும் 10 நாள் தங்குகின்றன. ஏறக்குறைய ஒரு திங்கள் முழுதும் தந்தைக்கு உணவில்லை.

இதைத் தொட்டியில் வளர்ப்பவர் சந்திக்கும் இடர்கள் பல. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் இணையைத் தேர்வது எளிதன்று. பல மீன்களை ஒன்றாக விட்டால், இணைசேர்ந்த இரண்டும் ஏனையவற்றைத் துரத்திக் கொன்றுவிடுவதும் உண்டு. இணை கூடி முட்டை வாய்க்குள் சென்ற பின்னரும் அச்சம் நீங்குவதில்லை. தொட்டியருகே நடமாட்டம் மிகுந்தாலும், பிற மீன்கள் தொல்லை கொடுத்தாலும், உடலில் வலிமை குன்றியிருந்தாலும், தந்தை முட்டைகளை விழுங்கிவிடுகிறது. முதன்முறை ஏந்தும் இளம் ஆண் இவ்வாறு செய்வது மிகுதி. குஞ்சுகள் வெளிவந்த பின்னரோ, அதே தொட்டியில் உள்ள பெரிய மீன்களுக்கு, பெற்றோருக்குங்கூட, அவை இரையாகக்கூடும். தனித்தொட்டிக்கு மாற்றி, உப்பு நீரில் பொரிக்கவைத்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறால் குஞ்சுகளை நாள்தோறும் ஊட்டவேண்டும். அவ்வுணவில் தேவையான கொழுப்புச் சத்து சேர்க்கப்படாவிடில், விளக்கைத் திடீரென ஏற்றினாற்கூட அதிர்ச்சியில் குஞ்சுகள் துடித்து மாய்கின்றன. வயிறு நிறைய உண்டும் ஊட்டம் பெறாத பிள்ளைகளின் நிலை இதுவே.

இருந்தும், வாயில் அடைகாக்கும் கடல் மீன்களுள் இதுவே வளர்ப்பதற்கு எளியது என்பர். கர்தினால் மீன்களுள் மற்றவை பெரும்பாலும் குஞ்சு பொரிந்த உடனே வாயைத் திறந்துவிடுகின்றன. கண்ணுக்கு எளிதில் தெரியாத அக்குஞ்சுகள் கடலில் மிதவை உயிர்களோடு அலைந்து வளர்பவை. அவற்றின் வாய்க்கு ஆர்ட்டீமியாவும் பெரிது. அவற்றுக்கேற்ற நுண்ணுயிர் உணவை வீட்டில் வளர்ப்பது பெரும்பாடு.

பொறுமை அற்றவர்கள் இன்னொரு வழி கண்டனர். தந்தையைக் கையில் பிடித்து, வாயைத் திறக்கச் செய்து, முட்டைகளைக் கொட்டிக்கொண்டு, செயற்கையாகப் பொரிக்கவைப்பது அது. தந்தை விழுங்கிவிடுமோ என்னும் அச்சமே இதற்குக் காரணம் என்கின்றனர். சில வேளைகளில் அது பயன் தருவதும் உண்டு. எனினும் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்று இருக்கிறது. தந்தை விழுங்குவது ஏன்? பெரும்பாலும் நாம் உண்டாக்கிய நெருக்கடியால். நம் தொட்டி சிறிது, நம் விளக்கு கடிது, நம் ஆவல் பெரிது. இவ்வாறு கலங்கவைத்துவிட்டு, 'இது பொறுப்பற்ற தந்தை' எனத் தீர்ப்பளித்துப் பிள்ளைகளைப் பறிக்கிறோம். ஏழைக் குடும்பங்களைக் குறித்தும் வலியோர் இவ்வகைத் தீர்ப்புகளை வழங்கி வந்துள்ளனர் என்பதை நாம் மறத்தற்கில்லை.

நல்ல வளர்ப்பாளர் செய்வது வேறு. முட்டை ஏந்திய நாள் முதல் அவர் தொட்டியை விட்டு விலகி நிற்கிறார். விருந்தினருக்குக் காட்டி மகிழ்வதைத் தவிர்க்கிறார். முப்பது நாளும் நீரின் தூய்மையையும் வெப்பத்தையும் கவனித்தபடி, கையைமட்டும் உள்ளே நீட்டாமல் இருக்கிறார். அவருக்கும் அது ஒருவகை நோன்பே. மீனின் பட்டினியோடு தம் ஆவலின் பட்டினியையும் சேர்ப்பவருக்கே அக்கலை கைகூடுகிறது.

பசியை யார் ஏற்கிறார்?

பாங்காய் மீனின் கதை தொட்டியோடு முடிவதில்லை. 1933இல் அறிவியல் உலகிற்கு அறிமுகமான அம்மீன் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1990களின் நடுவில் மீண்டும் கண்டறியப்பட்டபோது அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. சில ஆண்டுகளுக்குள் ஆண்டொன்றுக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் அச்சிறு தீவுகளிலிருந்து பிடிக்கப்படுவதாக ஆய்வாளர் மதிப்பிட்டனர். குஞ்சுகள் மிதவையாய்த் தொலைவு செல்லாமல் பிறந்த இடத்திலேயே வாழ்வதால், ஓரிடத்தில் அழிந்தால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்புவார் இல்லை. 2007இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இடம்பெற்றது. பின்னர்த் தாய்லாந்துப் பண்ணைகள் அதைப் பெருமளவில் இனம்பெருக்கி ஏற்றுமதி செய்யத் தொடங்கின.

தொட்டியில் பிறந்த மீன் கடலில் பிடித்த மீனுக்கு மாற்றாகுமெனின் அது நன்மையே. ஆயினும், ஒரு மீனைச் சில காசுக்கு விற்று வாழ்ந்த தீவுக்காரருக்கு அந்த நன்மையில் பங்கென்ன? தொலைநகரத்தார் அழகை விரும்பியபோது பிடித்துக் கொடுத்தவர் அவர். அதே நகரத்தார் காவலை விரும்பியபோது வருவாய் இழப்பவரும் அவரே.

தீவுகளின் இக்கதை நமக்குத் தொலைவானதன்று. இராமநாதபுரம் மாவட்டத்தின் திருப்பாலைக்குடி, தொண்டி, தேவிபட்டினம் கரைகளை ஒட்டிய பாக் விரிகுடா ஆழமற்றது, கடற்புல் நிறைந்தது. அப்புல்லிடையே வாழ்வது கடற்குதிரை. அது வாயில் அன்றி வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமப்பது. அங்கும் சுமப்பது தந்தையே. 1990களில் கிழக்காசிய மருந்துச் சந்தைக்கென உலர்ந்த கடற்குதிரைகள் இக்கரைகளிலிருந்து சென்றன. சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கியவர் அவற்றையும் எடுத்தனர். இறாலுக்கு வீசிய மடிவலைகளிலும் அவை சிக்கின. 2001இல் கடற்குதிரையும் கடலட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நேற்றுவரை தொழிலாக இருந்தது அன்று முதல் புலிவேட்டைக்கு நிகரான குற்றமாயிற்று.

அச்சட்டம் தேவையற்றது என நாம் வாதிடவில்லை. பசியின் பெயரால் கடலை வெறுமையாக்கினால் நாளை பசி பெருகுமேயன்றிக் குறையாது. இதற்குக் கெளுத்தியே சான்று. 1970களின் பிற்பகுதி முதல் கர்நாடகக் கரையில் சுருக்குவலைகள், முட்டை ஏந்திய ஆண் கெளுத்திக் கூட்டங்களைக் கூட்டங்கூட்டமாக வளைத்துப் பிடித்தன. வலையில் நெரிந்த தந்தையர் வாயிலிருந்த முட்டைகள் உதிர்ந்து வீணாயின. மண்டபத்தில் வளர்ந்து, பின்னர்க் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் எச்சரித்தும், ஒரு காலத்தில் செழித்திருந்த அம்மீன்பாடு சரிந்தது. தந்தையைப் பிடித்தவர் தலைமுறையையே பிடித்துவிட்டார். எனவே தடை வேண்டும்.

நம் வினா தடையைப் பற்றியதன்று; தடை கொணரும் பசியைப் பற்றியது. மீனில், காக்க முன்வந்தது எதுவோ அதுவே பட்டினி கிடக்கிறது. நம் சமுதாயத்தில் காக்கவேண்டும் என்று முடிவெடுப்பவர் ஒருவர். அதற்காகப் பட்டினி கிடப்பவர் மற்றொருவர். முடிவெடுத்தவர் வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணைவதில்லை. கடலட்டைத் தடையை நீக்குமாறு இராமநாதபுரக் கரை மீனவர் பலமுறை வேண்டியுள்ளனர். எதிர்க்கரையான இலங்கையில் அதே உயிர் உரிமம் பெற்றுப் பிடிக்கப்படுவதை அவர்கள் அறிவர். அவர்களது குரலைப் பேராசை என ஒதுக்கிவிடுதல் எளிது. பிறர் வயிற்றின் மேல் நோன்பை ஏற்றிவிட்டு, அதன் புண்ணியத்தைத் தம் கணக்கில் எழுதிக்கொள்வதும் எளிது.

வேறு வழி இல்லாமல் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம்பெருகும் காலம் எனக் கருதி, 45 நாளாக இருந்த தடை 2017இல் 61 நாளாயிற்று. அந்நாள்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. தொகை போதுமா என்பது வேறு வினா. ஆயினும் அதன் உள்ளே நல்லதொரு நெறி இருக்கிறது: கடலின் நலம் எல்லோர்க்கும் உரியது; ஆகவே அதற்கான பசியும் எல்லோராலும் பகிரப்படவேண்டும். இந்நெறி படகுத் தடையோடு நின்றுவிடுவானேன்? கடற்குதிரைக்காகத் தொழிலைக் கைவிட்டவருக்கும், கடலட்டைக்காகக் கைவிட்டவருக்கும் இது பொருந்தாதா?

மண்டபம் ஆய்வு மையத்தில் கோமாளி மீன் முதலிய வண்ண மீன்களை முட்டை முதல் வளர்த்தெடுக்கும் முறைகள் உருவாக்கப்பட்டுள்ளன. சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் அவற்றை விரும்பி வாங்குவோர் உளர். அவ்வறிவும் அதற்கான முதலும் திருப்பாலைக்குடி போன்ற கரைகளின் வீடுகளுக்கு வந்து சேருமானால், பிடித்து வாழ்ந்த கைகளே வளர்த்து வாழும் கைகளாகும். பாங்காய் தீவினரை விடுத்துப் பண்ணைகள் வேறு நாட்டில் செழித்ததுபோல் இங்கு நேரலாகாது. தொட்டி வைத்திருப்போரும் ஒன்று செய்யலாம். வாங்கும் மீன் கடலில் பிடித்ததா, வளர்த்ததா, யார் வளர்த்தது என்று கேட்கலாம். சற்றுக் கூடுதல் விலை கொடுக்க நேரிட்டால், அதையே தம் பங்கு நோன்பாகக் கொள்ளலாம்.

காப்போம் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டியது இது: இக்காவலில் பசித்திருப்பவர் யார்? நாம் என்பது விடையாயின், பங்கேனும் நாம் என்பது விடையாயின், அச்சொல்லை ஆள நமக்கு உரிமை உண்டு. பிறர் மட்டுமே என்பது விடையாயின், நாம் செய்வதற்குக் காத்தல் என்று பெயரில்லை.