யாரும் பார்க்காத காட்டில்

கடவுள் பயம் போய்விட்டால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்று அடித்துச் சொல்பவர்கள், ஆஸ்திரிய எழுத்தாளர் மார்லென் ஹவுஸ்ஹோஃபரின் 'சுவர்' நாவலைப் படிக்க வேண்டும். வெளிவந்த ஆண்டு 1963.

நாற்பதைத் தாண்டிய ஒரு விதவை. நாவல் முழுக்க அவளுக்குப் பெயரே கிடையாது. உறவினரோடு மலைக்காட்டு வேட்டை விடுதிக்கு வருகிறாள். மாலையில் ஊருக்குள் போன உறவினர்கள் திரும்பவில்லை. மறுநாள் தேடிப் போகிறவளைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் தடுக்கிறது. அந்தப் பக்கம், குழாயடியில் ஒரு கிழவர். அள்ளிய கை வாய்க்குப் போகும் வழியிலேயே கல்லாய் உறைந்து நிற்கிறார்.

இனி அவளைப் பார்க்க யாருமில்லை. பாதிரியார் இல்லை, போலீஸ் இல்லை, நாலு பேர் நாலு விதமாகப் பேசவும் ஆளில்லை. ஆனால் பெல்லா என்ற பசு இருக்கிறது. வேளை தவறாமல் கறக்காவிட்டால் மடி கட்டிக்கொண்டு அதற்கு வலிக்கும். ஆகவே எழுந்திருக்கிறாள். புல் அறுத்துக் காயவைக்கிறாள், விறகு பிளக்கிறாள். மான் சுடுவது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. இறைச்சி வேண்டுமே என்று சுடுகிறாள். பால் அவளுக்கும்தானே என்பீர்கள். சரி, மற்ற காக்கைகள் ஒதுக்கிவைத்த வெள்ளைக் காக்கைக்குத் தீனி போடுகிறாளே, அதில் என்ன லாபம்? எந்த நரகத்துக்குப் பயந்து அதைச் செய்கிறாள்?

இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதியாக மூடிவைத்திருப்பேன். கடைசிப் பக்கங்களில் எங்கிருந்தோ ஒருவன் கோடரியோடு வருகிறான். அவள் வளர்த்த இளங்காளையை வெட்டிக் கொல்கிறான். அவள் துப்பாக்கியை எடுத்து ஓடிவருவதற்குள் அவளோடு இருந்த லுக்ஸ் என்ற நாயின் மண்டையும் பிளந்துவிடுகிறது. ஒரு வார்த்தை கேட்காமல் சுடுகிறாள். அவன் உடலைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள். நாயைக் குழி தோண்டிப் புதைக்கிறாள்.

படிக்கிற நாமும் நாய்க்காகத்தான் அழுகிறோம். அவளுக்குத் தெரிந்தவரை, உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே மனிதன் அவன். அவள் சுட்டபோது நாய் செத்துவிட்டிருந்தது. அவளும் பசுவும் மிச்சம் இருந்தார்களே என்று வாதாடலாம். அது நியாயமான வாதம்தான். நான் அவளைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். செய்தது சரி என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை.

அதன் பிறகும் அவள் யார் காலிலும் விழுந்து பாவமன்னிப்பு கேட்கவில்லை. படிக்க ஆளிருக்குமா என்றுகூடத் தெரியாமல், கிடைத்த காகிதங்களில், காகிதம் தீரும்வரை, நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தாள்.

காணிக்கை போட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நம்புகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: யாரும் பார்க்காதபோது நீங்கள் செய்ததை இப்படி எழுதிவைப்பீர்களா?