பாவனையும் களைப்பும்

டிஸ்னி உலகத்தைப் பொய் என்று சொல்வது இப்போது மிகச் சுலபமாகிவிட்டது. உம்பர்ட்டோ ஈகோ 1975-லேயே, அமெரிக்கப் போலிகளைப் பற்றிய தன் நீண்ட கட்டுரையில் இதை ஆராய்ந்துவிட்டார். ழான் பொத்ரியார் 1981-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். டிஸ்னிலாந்து தன்னைக் கற்பனை என்று அறிவித்துக்கொள்வது, அதற்கு வெளியே உள்ள அமெரிக்காவை நிஜம் என்று நம்பவைக்கத்தான் என்றார். இரண்டும் கூர்மையான வாதங்கள். ஆனால் இரண்டிலும் பார்வை பெரும்பாலும் பொருள்களின் மேலேயே நிற்கிறது. அங்கே போகிறவர்கள் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள், ஒருவர் இன்னொருவருக்காகப் போகிறார்கள் என்ற விஷயம் அந்த வாதங்களின் மையத்தில் இல்லை. எனக்குள்ள கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் பொய் என்ற குற்றச்சாட்டைப் பார்ப்போம். ஃப்ளாரிடாவில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே, 1971 அக்டோபர் 1-ல் திறக்கப்பட்டது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். அதன் முதல் பூங்காவான மாஜிக் கிங்டத்தின் நடுவில் இருக்கிறது சிண்டரெல்லா கோட்டை. உயரம் 189 அடி. கல் போலத் தெரிவது கான்கிரீட்டும் கண்ணாடியிழையும். கோட்டைக்கு இட்டுச்செல்லும் கடைத்தெருவில் மேல்மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டியிருக்கிறார்கள். அதனால் கட்டிடங்கள் இருப்பதைவிட உயரமாகத் தோன்றுகின்றன. எல்லாம் கண்ணை ஏமாற்றும் வித்தைதான். ஆனால் ஏமாந்தவர் யாருமில்லை. மகள், மருமகன், பேத்தி, நான் என்று நால்வர் அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு விடுதியில் தங்கி நான்கு நாட்கள் சுற்றினோம். பேத்திக்கு ஆறு வயது. மிக்கியுடன் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றபோது, "உள்ளே இருக்கிறவங்களுக்கு வேர்க்காதா தாத்தா?" என்று கேட்டாள். வேர்க்கும் என்றேன். "அப்போ சீக்கிரம் விட்டுடணும்" என்றாள். முறை வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பாவனை என்று தெரிந்தே பாவனைக்குள் நுழைவதில் அவளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. நாடகம் பார்க்கிறவர்களும் கவிதை படிக்கிறவர்களும் செய்வது இதைத்தான். கோட்டை பொய் என்று சொல்கிற விமர்சகர், தெரிந்திருப்பதை ஒரு கண்டுபிடிப்பாகச் சொல்கிறார்.

வேர்வை பற்றிய கேள்வி இதிலிருந்து வேறுபட்டது. அந்தப் பூங்காவின் அமைப்பே அந்தக் கேள்வி எழாதபடி பார்த்துக்கொள்கிறது. பூங்காவின் கீழே ஊழியர்களுக்கான சுரங்கப்பாதைகள் ஓடுகின்றன. ஃப்ளாரிடாவில் நிலத்தடி நீர் மிக மேலே நிற்பதால் தரையைத் தோண்டி அவற்றை அமைக்கவில்லை. தரைமட்டத்திலேயே கட்டி, பக்கத்தில் செயற்கை ஏரிக்காக வெட்டிய மண்ணைக் கொட்டி மூடி, அதன்மேல் பூங்காவை எழுப்பினார்கள். வருகிறவர்கள் நடப்பது உண்மையில் ஒரு கட்டிடத்தின் மாடியில். 1955-ல் திறந்த கலிஃபோர்னியாப் பூங்காவில், கௌபாய் வேஷமிட்ட ஊழியர் ஒருவர் எதிர்கால உலகைக் காட்டும் பகுதியின் வழியே நடந்துபோனதைக் கண்டு வால்ட் டிஸ்னிக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்குப் பரிகாரமாக வந்தவை இந்தப் பாதைகள். உடை மாற்றுவது, சாப்பிடுவது, குப்பை போவது எல்லாம் கீழே. பேச்சும் இதற்கு ஏற்றபடிதான். ஊழியரை நாடகக் குழுவின் நடிகர் என்கிறார்கள். சீருடையின் பெயர் வேஷம். காசு கொடுத்து வருகிறவர் விருந்தினர். விருந்தினரின் கண் படும் இடமெல்லாம் மேடை.

நாடகத்தின் சொற்களை எடுத்துக்கொண்டதால் இது நாடகம் ஆகிவிடுகிறதா? தெருக்கூத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒப்பனை கட்டும் இடத்தில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டைகளையும் கிரீடத்தையும் சுமந்து விடிய விடிய ஆடுகிறவரின் மூச்சிரைப்பு முன்வரிசைக்குக் கேட்கும். நடுவே யாராவது பணம் கொடுத்தால் பெயர் சொல்லி அறிவிப்பார்கள். விடிந்ததும் அரிதாரம் பாதி அழிந்த முகத்தோடு துரியோதனன் டீ குடித்துக்கொண்டிருப்பான். இதனால் இரவில் பார்த்த துரியோதனன் யாருக்கும் குறைந்துவிடவில்லை. இவ்வளவு பாடுபட்டு நமக்காக ஆடினானே என்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. கூத்தை நான் புனிதப்படுத்த வரவில்லை. அந்த உணர்வு கூத்துக்காரரின் வறுமையைத் தீர்த்ததில்லை. நான் சொல்ல வருவது, அங்கே பாவனையும் களைப்பும் ஒரே இடத்தில் இருக்க முடிந்தது என்பதை மட்டும்.

டிஸ்னியில் களைப்புக்கு இடமில்லை. ஆர்லி ஹோக்‌ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983-ல், விமானப் பணிப்பெண்களை முன்வைத்து, புன்னகையே கூலி வேலையின் ஒரு பகுதியாகிவிட்டதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உதட்டளவில் நடிப்பது ஒன்று. உணர்வையே வரவழைத்துக்கொண்டு நடிப்பது இன்னொன்று என்று பிரித்துக் காட்டினார். இரண்டாவதில் மனிதனுக்குத் தன் சொந்த உணர்வு எது என்பதே மங்கிப்போகும் அபாயம் இருக்கிறது. இது அவனுக்கு நேரும் நஷ்டம். அவன் எதிரே நிற்பவனுக்கும் ஒரு நஷ்டம் உண்டு. அதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. மறுமுனையில் ஒருவர் பாடுபட்டார் என்ற பிரக்ஞை இருந்தால்தான் நன்றி என்ற உணர்வு பிறக்கும். பாடு முழுக்க மறைந்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது திருப்தி. திருப்திக்கு எதிரே ஒரு மனிதன் தேவையில்லை. விலை கொடுத்தாயிற்று, பொருள் வந்தாயிற்று, கணக்கு தீர்ந்தது.

இது கூலிக்கும் முதலாளிக்கும் உள்ள விவகாரம் என்று ஒதுக்கிவிட முடிந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் மாலை என் மகள் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பயணத்துக்காக இரண்டு வருஷம் பணம் சேர்த்தவள் அவள். எந்த மணிக்கு எந்த வரிசை, எங்கே சாப்பாடு என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே குறித்துவைத்தவளும் அவள்தான். பேத்தி அவள் முகத்தைப் பார்த்து, "உனக்குப் பிடிக்கலையாம்மா?" என்றாள். உடனே மகள் சிரித்தாள். அன்று காலையிலிருந்து வாசலிலும் கடையிலும் நான் பார்த்துவந்த அதே சிரிப்பு. அவளுக்குச் சம்பளம் யாரும் கொடுக்கவில்லை. அன்பினால்தான் சிரித்தாள். ஆனாலும் வித்தியாசம் தெரியவில்லை.

தாய் தன் களைப்பைக் குழந்தையிடம் மறைப்பது தவறா? எந்த வீட்டிலும் நடப்பதுதானே என்று கேட்கலாம். உண்மை. மறைக்கவே முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் அதே ஊர்ப்பக்கத்திலேயே இருக்கிறது. ஷான் பேக்கர் 2017-ல் எடுத்த 'தி ஃப்ளாரிடா ப்ராஜெக்ட்' என்ற படம், பூங்காவுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்து மலிவு விடுதியில் வாடகைக்குத் திண்டாடும் தாயையும் அவளுடைய ஆறு வயது மகளையும் பற்றியது. டிஸ்னி வேர்ல்ட் திட்டமாக இருந்த காலத்தில் அதற்கு வழங்கிய பெயரே படத்துக்குத் தலைப்பு. அந்தக் குழந்தையின் கண்ணிலிருந்து பெரியவர்களின் அவஸ்தையை மறைக்க அங்கே சுவர்கூட இல்லை. அவளுக்கும் நான்கு நாள் கவலையில்லாத விடுமுறை வேண்டும் என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆகவே களைப்பை மறைப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை.

வித்தியாசம், மறைத்தது பிறகு எப்போதாவது வெளிவர முடியுமா என்பதில் இருக்கிறது. வீட்டில் தாய் மறைத்தது ஒரு நாள் மகளுக்குத் தெரியவரும். அவளுக்கே ஒரு குழந்தை பிறந்து, இரவு தூக்கம் கெட்டபோது தெரியவரலாம். தாமதமாக வந்தாலும் அந்த அறிவு உறவின் ஒரு பகுதி. சுரங்கப்பாதைக்கு அப்படியான ஒரு பிற்பாடு கிடையாது. அங்கே களைப்பு தவறுதலாகக்கூட வெளிவரக் கூடாது. என் மகளின் சிரிப்பில் எனக்கு உறுத்தியதும் அதுதான். இவ்வளவு செலவழித்து வந்த இடத்தில் களைத்துப்போவது ஒரு தோல்வியாக அவளுக்குப் பட்டிருக்கிறது. கேள்வி கேட்ட குழந்தையோ, வேர்வையைப் பற்றிய உண்மையைத் தாங்கக்கூடியவள். தெரிந்ததும் அவளுடைய சந்தோஷம் கெடவில்லை. சீக்கிரம் விட வேண்டும் என்ற யோசனைதான் கூடவே வந்தது. ஒழுக்கம் என்று நாம் சொல்வதன் ஆரம்பம் ஏறக்குறைய அந்த யோசனைதான்.

வேஷத்துக்குள் இருக்கிறவர்களும் பேசத்தான் செய்கிறார்கள். 2023-ல் ஃப்ளாரிடாவின் தொழிற்சங்கங்கள் பல மாதம் பேரம் பேசிக் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 18 டாலராக உயர்த்தும் ஒப்பந்தத்தைப் பெற்றன. 2024 மே மாதம், கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் கதாபாத்திரங்களாக வேஷமிடுகிறவர்கள், ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்ற நடிகர் சங்கத்தில் சேர வாக்களித்தார்கள். நிர்வாகம் உபசாரமாகச் சொல்லிவந்த நடிகர் என்ற சொல்லை அவர்கள் நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நடிகன் என்றால் நேரம் உண்டு, கூலி உண்டு, வேஷத்தைக் கழற்றிவைக்கும் உரிமை உண்டு.

குடும்பத்துக்குச் சங்கம் கிடையாது. அங்கே வேஷத்தைக் கழற்ற ஒருவர் இன்னொருவருக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது. பெற்றோர் பிள்ளைகளுக்குத் தரக்கூடிய சந்தோஷங்களில், களைப்பாக இருக்கிறது என்று நடுவே சொல்லிக்கொள்ள முடிகிற சந்தோஷத்தையே நான் மேலானதாகக் கருதுகிறேன். அதை வாங்க எவ்வளவு செலவாகிறது என்பது எனக்கு இரண்டாம்பட்சமாகவே தோன்றுகிறது.